பதினாறு மில்லி விநாடியின் கணக்கு

விளையாட்டுக்கென்று ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே சேர்த்து அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியோ, வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் தேடியோ அவர்கள் விலை விசாரிக்கத் தொடங்கும்போது, முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியதாகவே இருக்கிறது. அதற்குப் பெருந்தொகையை ஒதுக்கிய பிறகு பிராசசர், பிறகு ரேம் என்று இறங்கி வந்து, கையில் மிஞ்சிய பணத்துக்கு ஏதோ ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் வாங்கி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் அபிப்பிராயம். கணினி செய்கின்ற வேலையனைத்தும் கடைசியில் ஒரு திரையில் ஒளியாக மாறி மனிதனுடைய கண்ணுக்குள் புகுந்த பின்னரே அவனுக்குப் பிரயோஜனப்படுகிறது. ஆகையால் அந்தத் திரை விநாடிக்கு எத்தனை பிம்பங்களை எவ்வளவு நுட்பத்தோடு காட்ட வேண்டும் என்பதை முதலில் நிர்ணயம் செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து மற்ற பாகங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் விஞ்ஞான முறைக்கு ஒத்தது.

சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 தடவை தன் படத்தைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே, விளையாட்டுக்காரர்கள் ஃபிரேம் என்று குறிப்பிடும் ஒரு பிம்பத்தை உருவாக்குவதற்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடிதான். அந்த அவகாசத்தில் நடைபெறும் காரியங்கள் சொல்லி முடிக்கவே நேரம் பிடிப்பவை. ஆடுகிறவர் மவுஸைச் சற்றே நகர்த்துகிறார். மவுஸ் அந்த அசைவை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. பிராசசர் அதைப் பெற்று, ஆட்டக்காரர் இப்போது எத்திசையில் நோக்குகிறார், எதிரிகள் எங்கே நிற்கிறார்கள், எறிந்த பொருள் எந்தப் பாதையில் விழும் என்பவற்றையெல்லாம் தீர்மானித்து, வரைய வேண்டியவற்றின் பட்டியலைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கிறது. கார்டு அந்தப் பட்டியலிலுள்ள லட்சக்கணக்கான முக்கோணங்களைத் திரையின் பரப்பில் பொருத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் உரிய நிறத்தைக் கணக்கிடுகிறது. மானிட்டர் அந்த நிறங்களை மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை முறையாக வாசித்துத் திரையில் ஏற்றுகிறது. கார்டு ஒரு பிம்பத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த பிம்பத்தின் கணக்கைத் தொடங்கிவிடும் என்றாலும், இவ்விரண்டில் எது மெதுவானதோ அதன் வேகமே முழு யந்திரத்தின் வேகம் என்ற தத்துவம் மாறுவதில்லை. வேகமான பாகம் மற்றதற்காகக் காத்திருக்கும். காத்திருப்பதற்குக் கொடுத்த விலை வீண்.

திரையில் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: பிக்சல்களின் எண்ணிக்கை, திரையின் அளவு, விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிப்பது என்பது. 1080பி என்று வழங்கும் திரையில் 20,73,600 பிக்சல்களும், 1440பி திரையில் 36,86,400 பிக்சல்களும், 4கே திரையில் 82,94,400 பிக்சல்களும் உள்ளன. 4கே என்பது 1080பியைப்போல் சரியாக நான்கு மடங்கு. இந்த நான்கு மடங்கு உழைப்பின் பயன் கண்ணுக்கு எட்டுமா என்பது தனிக் கேள்வி. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வரும் ஒரு கலை அளவுள்ள கோணத்தைப் பிரித்தறிய வல்லது என்பது கண் மருத்துவத்தின் நெடுநாளைய பிரமாணம். 60 சென்டிமீட்டர் தொலைவில் அமர்ந்து பார்க்கும்போது, 24 அங்குல 1080பி திரையின் ஒரு பிக்சல் ஏறத்தாழ 1.6 கலையும், 27 அங்குல 1440பி திரையின் பிக்சல் 1.3 கலையும், அதே 27 அங்குலத்தில் 4கே திரையின் பிக்சல் 0.9 கலையும் கண்ணில் பிடிக்கின்றன. மேஜைமேல் வைத்து ஆடுகிறவருக்கு 1440பியைத் தாண்டியதும் கண்ணின் எல்லை நெருங்கிவிடுகிறது என்றும், அதற்கப்பால் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி கண் காணாத நுட்பத்துக்கே போகிறது என்றும் இக்கணக்கிலிருந்து தெளியலாம்.

புதுப்பிக்கும் வேகத்திலும் இப்படி ஓர் எல்லை உண்டு. 60 ஹெர்ட்ஸிலிருந்து 144 ஹெர்ட்ஸுக்கு மாறும்போது ஒவ்வொரு பிம்பத்துக்கும் இடையிலுள்ள காலம் 16.7 மில்லி விநாடியிலிருந்து 6.9 ஆகக் குறைகிறது. ஏறத்தாழ 10 மில்லி விநாடி லாபம். 144லிருந்து 240க்கு ஏறினால் லாபம் 2.8 மில்லி விநாடி. 240லிருந்து 360க்கு ஏறினால் 1.4 மில்லி விநாடி. விலையோ இதற்கு நேர்மாறான திசையில் ஏறுகிறது. மேலும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி வந்து பூட்டியவுடன் அது தானாகவே அந்த வேகத்தில் ஓடிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் போய் வேகத்தை மாற்றும்வரை 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவதும், மானிட்டரின் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு, விலையுயர்ந்த கார்டைச் சும்மா உட்கார வைப்பதும் புதிதாகக் கணினி சேர்ப்போரிடம் அன்றாடம் காணக்கூடிய விஷயங்கள்.

விநாடிக்கு இத்தனை பிம்பம் என்ற சராசரியை மட்டும் நம்புவதிலும் ஓர் அபாயம் இருக்கிறது. ஒரு விநாடியில் 59 பிம்பங்கள் தலைக்கு 14 மில்லி விநாடியில் வந்துவிட்டு, கடைசிப் பிம்பம் மட்டும் 174 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 60 என்றே வரும். ஆனால் ஆடுகிறவர் கண்ணுக்குப் படம் திடுக்கென்று நின்று நகர்ந்தது தெளிவாகத் தெரியும். ‘தி டெக் ரிப்போர்ட்’ என்ற இதழில் ஸ்காட் வாசன் என்பவர் 2011ஆம் ஆண்டில், ஒவ்வொரு பிம்பமும் தனித்தனியே எடுத்துக்கொண்ட காலத்தை அளந்து வெளியிட்ட பின்னரே இந்த உண்மை மதிப்புரை எழுதுவோரிடம் பரவலாயிற்று. அன்றுமுதல் சராசரியோடு, மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு பிம்பங்களின் வேகத்தையும் சேர்த்துக் காட்டுவது வழக்கமாகி வந்திருக்கிறது. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணையே. 2013இல் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்ற பெயரிலும், அதையடுத்து ஏஎம்டி ஃபிரீசிங்க் என்ற பெயரிலும் கொண்டுவந்த யுக்தி, கார்டு பிம்பத்தை முடித்துக் கொடுக்கும் க்ஷணத்துக்காக மானிட்டரையே காத்திருக்கச் செய்கிறது. பாதிப் பிம்பம் பழையதும் பாதி புதியதுமாகத் திரை கிழிந்தாற்போல் தோன்றும் குறை இதனால் நீங்குகிறது. 240 ஹெர்ட்ஸ் இல்லாவிட்டாலும் பாதகமில்லை; இந்த வசதி மட்டும் இல்லாத மானிட்டரை வாங்குவது உசிதமன்று.

திரை நிச்சயமானால் கிராபிக்ஸ் கார்டின் வேலை எவ்வளவு என்பது தானே நிச்சயமாகிறது. 1080பி திரைக்கு விநாடிக்கு 60 பிம்பம் என்றால் ஏறத்தாழ 12 கோடி பிக்சல்கள். 4கே திரைக்கு 144 பிம்பம் என்றால் 119 கோடி பிக்சல்கள். இவ்வளவையும் வரைவது எப்படிச் சாத்தியமாகிறதென்றால், ஒரு பிக்சலின் நிறத்தைக் கணக்கிடுவதற்குப் பக்கத்துப் பிக்சலின் முடிவு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான பிக்சல்களை ஏககாலத்தில் கணக்கிடலாம். நூறு பேர் வயலில் இறங்கினால் நடவு ஒரு பொழுதில் முடிந்துவிடும். நாற்றங்காலில் விதை முளைப்பதை அந்த நூறு பேரும் சேர்ந்து ஒரு நாழிகைகூட முந்தச் செய்ய முடியாது. கிராபிக்ஸ் கார்டுக்கு வாய்த்தது முதல் வகை வேலை. பிராசசருக்கு வாய்த்ததில் பெரும்பங்கு இரண்டாம் வகை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற நடுத்தரக் கார்டில் 3,072 சிறு கணக்கீட்டு அலகுகளும், ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384 அலகுகளும் இருக்கையில், வீட்டுக் கணினியின் பிராசசரில் எட்டோ பதினாறோ கோர்கள் மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கார்டுகளின் பின்னே நிற்கும் கணிதம் விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பொருள்களில் முன்னே இருப்பதை மட்டும் காட்டும் முறையை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் 1974இல் தம் ஆராய்ச்சியில் விவரித்தார். வழவழப்பான பரப்பின்மீது ஒளி பட்டு மினுங்குவதைச் சிக்கனமாகக் கணக்கிடும் முறையை அதே இடத்தில் வியட்நாமில் பிறந்தவரான புய் துவாங் ஃபாங் வகுத்து 1975இல் வெளியிட்டார். கண்ணிலிருந்து புறப்படும் ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து சென்று கண்ணாடியிலும் நீரிலும் தோன்றும் பிரதிபலிப்புகளைக் கணக்கிடும் முறையைப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டர்னர் விட்டெட் 1980இல் வெளியிட்டபோது, ஒரே ஒரு படத்தை முடிக்க அக்காலத்துக் கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இந்த ரே டிரேசிங் முறைக்கென்றே தனி அலகுகளைக் கொண்ட கார்டுகள் 2018இல் கடைக்கு வந்தன. ஆனாலும், அவ்வசதியை முழுமையாக இயக்கினால் பிம்ப வேகம் வெகுவாகக் குறைந்துபோவது இன்றும் பிரத்தியட்சம். போட்டி ஆட்டங்களையே பெரிதும் ஆடுகிறவர் அதற்கென்று கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கார்டின் வேகத்துக்கு நிகராகக் கவனிக்கத்தக்கது அதன்மேலுள்ள நினைவகத்தின் கொள்ளளவு. மரப்பட்டையின் சொரசொரப்பும் சுவரின் பாசியும் போன்ற மேற்பரப்புச் சித்திரங்கள் யாவும் இந்த வீரேமில் இருந்தாக வேண்டும். மேலே சொன்ன 4060 கார்டு தன் சொந்த 8 ஜிபி நினைவகத்திலிருந்து விநாடிக்கு 272 ஜிபி வேகத்தில் வாசிக்கிறது. அந்த 8 ஜிபி நிரம்பிவிட்டால், மிஞ்சியதை மதர்போர்டின் வழியாகக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து வரவழைக்க வேண்டும். அந்தப் பாதையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபிதான். பதினேழு மடங்கு குறுகிய அந்த வாசலில் பிம்பங்கள் தேங்கி நிற்பதே, சீராக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் புதிய இடத்துக்குள் நுழைந்தவுடன் திக்கித் திணறுவதற்கு ஒரு முக்கியக் காரணம். 1440பி திரையைத் தேர்ந்தவர் 12 ஜிபிக்குக் குறைந்த கார்டை வாங்கத் தயங்குவது நியாயமே.

இனிப் பிராசசர். ஒரு வேலையில் ஒன்றன்பின் ஒன்றாகவே செய்ய வேண்டிய பகுதி எவ்வளவோ அதுவே மொத்த வேகத்துக்கு வரம்பு கட்டும் என்பதை ஜீன் ஆம்டால் 1967இல் எடுத்துக்காட்டினார். வேலையில் பாதி அவ்விதமானது என்றால், கோர்களைக் கணக்கின்றிப் பெருக்கினாலும் வேகம் இரண்டு மடங்கை எட்டாது. விளையாட்டின் தருக்கம் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது: குண்டு பாய்ந்ததா என்று முடிவான பிறகே சுவர் இடியுமா என்று பார்க்க முடியும், சுவர் இடிந்த பிறகே ஒளிந்திருப்பவன் தெரிவானா என்று பார்க்க முடியும். ஆதலால் விளையாட்டுக்கு ஆறு அல்லது எட்டு வேகமான கோர்கள் போதும். இருபது, முப்பது என்று கோர்களை அடுக்கிய பிராசசர்கள் வீடியோ தொகுப்போருக்கும் முப்பரிமாணச் சித்திரம் செய்வோருக்கும் உரியவை.

அந்தக் கோர்களின் வேகத்தையும் கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டுவிட முடியாது. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசரின் ஒரு துடிப்பு 0.2 நானோசெகண்டு, ஒளியே அதற்குள் ஆறு சென்டிமீட்டர்தான் நகர முடியும். ரேமிலிருந்து ஒரு தகவலைப் பெற்றுவர உத்தேசமாக 70, 80 நானோசெகண்டு ஆகிறது என்றால், பிராசசர் முந்நூறு நானூறு துடிப்புகள் வரை வெறுமனே காத்திருக்கிறது என்று பொருள். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே பிராசசரின் உள்ளேயே கேஷ் என்ற சிறு நினைவகம் வைக்கப்படுகிறது. 2022இல் ஏஎம்டி நிறுவனம் தன் ரைசன் 7 5800எக்ஸ் பிராசசரின்மேல் இன்னோர் அடுக்கு நினைவகத்தைப் பதித்து, மூன்றாம் நிலைக் கேஷை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக உயர்த்தி, 5800எக்ஸ்3டி என்று வெளியிட்டது. புதியதன் உச்ச வேகம் பழையதைவிடக் குறைவு, 4.7 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 4.5தான். ஆயினும் பல விளையாட்டுகளில் புதியதே முந்தியது. ஓட்டத்தைக் கூட்டுவதைக் காட்டிலும் காத்திருப்பைக் குறைப்பது மேலானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ரேமைப் பற்றியும் இதே நோக்கில் ஒரு வார்த்தை. டிடிஆர்4 வகையில் 3200 வேகமும் சிஎல்16 என்ற குறியும் உள்ளதையும், டிடிஆர்5 வகையில் 6000 வேகமும் சிஎல்30 என்ற குறியும் உள்ளதையும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்தக் குறி காட்டும் தாமதம் இரண்டிலும் 10 நானோசெகண்டே. தலைமுறை மாறியதால் பெருகியது ஒரே தடவையில் அள்ளிவரும் தகவலின் அளவு. முதல் துளி வந்து சேரும் நேரமன்று. 32 ஜிபியை ஒரே கம்பாக வாங்காமல் 16 ஜிபி கம்புகள் இரண்டாக வாங்கி, மதர்போர்டு கையேட்டில் காட்டிய துளைகளில், நான்கு துளைகள் இருந்தால் வழக்கமாக இரண்டாவதிலும் நான்காவதிலும், செருகினால் பாதை இரட்டிப்பாகிறது. பிறகு பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் 6000 என்று விலை கொடுத்து வாங்கிய ரேம், அடிப்படை வேகத்திலேயே காலந்தள்ளிக்கொண்டிருக்கும்.

சேமிப்புச் சாதனத்தில் தெரிவு எளிது. நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழலும் ஹார்டு டிஸ்கில், வேண்டிய தகவல் முள்ளுக்கடியில் வந்துசேர்வதற்கே சராசரியாக 4.2 மில்லி விநாடி பிடிக்கிறது. முள் நகரும் நேரம் வேறு. சாட்டா வகை எஸ்எஸ்டி விநாடிக்குச் சுமார் 550 எம்பியும், நான்காம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டி சுமார் 7,000 எம்பியும் வாசிக்கின்றன. ஆனால் ஆட்டம் திறக்கும் நேரம் அந்த விகிதத்தில் குறைவதில்லை. வாசித்த தகவலை விரித்தெடுக்கும் வேலை பிராசசரிடம் எஞ்சி நிற்கிறது. நான்காம் தலைமுறை போதும். ஐந்தாம் தலைமுறைக்குக் கொடுக்கும் பணத்தை எஸ்எஸ்டியின் கொள்ளளவைக் கூட்டிக்கொள்வதில் செலவிடலாம்.

யாரும் ஆசையோடு வாங்காத பாகம் எஸ்எம்பிஎஸ். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் இந்தப் பெட்டி பழுதுபட்டால் மற்ற பாகங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகக்கூடும். 115 வாட் கார்டு, 90 வாட் பிராசசர், மற்றவற்றுக்கு 60 வாட் என்று கூட்டினால் 265 வாட் ஆகிறது. இதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஏன் என்று கேட்கத் தோன்றும். கார்டுகள் ஒரு மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்தில் தம் சராசரியைத் தாண்டித் திடீரென்று மின்சாரத்தை இழுக்கின்றன. 2022இல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, தனக்குரிய அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடிகள் வரை தாங்க வேண்டும் என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இலக்கணம் வகுத்ததன் காரணம் அதுவே. 80 பிளஸ் முத்திரையின் பொருளையும் அளவோடு அறிந்துகொள்ள வேண்டும். 300 வாட் கொடுக்கும்போது 85 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 353 வாட் இழுக்கிறது. 92 சதவீதத் திறனுள்ளது 326 வாட் இழுக்கிறது. தினம் நான்கு மணி நேரம் ஆடினாலும் மாதத்துக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் மிச்சம். பெட்டிக்குள் உஷ்ணமாகும் மின்சாரம் 53 வாட்டிலிருந்து 26 வாட்டாகப் பாதியாகிவிடுவதே இதன் மெய்யான ஆதாயம்.

உஷ்ணம் நம் நாட்டில் தனியே ஆராய வேண்டிய விஷயம். டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் அவற்றுக்கு வேண்டிய மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும் என்று ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974இல் காட்டிய வழி, முப்பது ஆண்டுக் காலம் பலித்து, 2005ஐ ஒட்டி அடைபட்டுவிட்டது. அதன்பின் வேகம் கூடக் கூட உஷ்ணமும் கூடத் தொடங்கியது. ஒரு சிப்பின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு, அது செலவிடும் வாட்டையும் கூலரின் வெப்பத் தடையையும் பெருக்கி வந்ததைக் கூட்டினால் கிடைப்பது. வாட் ஒன்றுக்கு 0.3 டிகிரி ஏறவிடும் கூலரின்கீழ் 150 வாட் பிராசசர் அறையைவிட 45 டிகிரி சூடாக இருக்கும். குளிரூட்டப்பட்ட 25 டிகிரி அறையில் சோதித்து எழுதப்பட்ட மதிப்புரை 70 டிகிரி என்று சொல்லும். சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும் 38 டிகிரி சென்னை அறையில் அதே பிராசசர் 83 டிகிரியில் நிற்கும். இன்றைய பிராசசர்கள் 95 அல்லது 100 டிகிரியை நெருங்கியவுடன் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன என்பதால், குளிர்நாட்டு மதிப்புரையை நம்பிச் சிறிய கூலரை வாங்கியவர் கோடையில் வேகத்தை இழக்க நேரும்.

இதற்குப் பரிகாரங்களும் பௌதிகத்திலேயே இருக்கின்றன. கூலரிலுள்ள செம்புக் குழாய்கள் கெட்டியான கம்பிகளல்ல. உள்ளே காற்று நீக்கப்பட்டு, சிறிதளவு திரவம் அடைக்கப்பட்டவை. திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே ஊறித் திரும்புகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் செய்துகாட்டிய இந்த ஹீட் பைப்தான், இன்று நடுத்தர விலைக் கூலரையே பெரும்பாலோருக்குப் போதுமானதாக்குகிறது. சிப்புக்கும் கூலருக்கும் இடையே ஒரு பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைப்பது, இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் காற்றை வெளியேற்றுவதற்காக. காற்றைப்போல் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் வேறொன்று அங்கில்லை. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் அழுத்தத்தைப் பத்துச் சதவீதம் குறைத்து ஓட்ட முடிந்தால் வாட் 19 சதவீதம் குறைகிறது. கார்டு நிறுவனங்கள் தரும் மென்பொருளிலேயே இதைச் செய்துகொள்ளலாம். கேபினெட்டைப் பொறுத்தமட்டில், முன்புறம் முழுக்கக் கண்ணாடியால் மூடி வண்ண விளக்கு எரிவதைவிட, வலைப்பின்னல் முகப்பும் முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று பெரிய ஃபேன்களும் உள்ளது சிறந்தது. பெரிய ஃபேன் மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும், சப்தமும் குறையும்.

இனி உபகரணங்கள். மவுஸின் அடியில் இருப்பது ஒரு நுண்ணிய காமிரா. அது மேஜைப் பரப்பை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள இடப்பெயர்ச்சியை ஒப்பிட்டு அசைவை அறிகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் டிபிஐ என்பது ஓர் அங்குல நகர்வுக்கு எத்தனை எண்ணிக்கை என்பதே. 800 டிபிஐயில் வைத்தால், எண்ணிக்கை ஒன்றுக்குப் பிக்சல் ஒன்றாக, 2,560 பிக்சல் அகலமுள்ள திரையைக் கடக்க மவுஸ் 3.2 அங்குலம் நகர வேண்டும். 25,600 டிபிஐயில் வைத்தால் இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே முழுத் திரையும் கடந்துவிடும். அவ்வளவு நுட்பமாகக் கையை அசைக்க வல்ல மனிதர் எவரும் இலர். எனவே அந்த எண்ணுக்காகக் கொடுக்கும் பணம் பயனற்றது. விநாடிக்கு 1,000 தடவை கணினியோடு பேசுகிறதா, கைக்குப் பொருந்துகிறதா, எடை குறைவா என்பவையே கேட்கத்தக்கவை. 125 தடவை பேசும் சாதாரண மவுஸில் 8 மில்லி விநாடி வரை தாமதம் சேரும். அது 144 ஹெர்ட்ஸ் திரையின் ஒரு பிம்பத்தைவிட நீண்டது.

கீபோர்டின் சூட்சுமம் வேறு. நூற்றுச் சொச்சம் விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்காமல், அவற்றை நெடுக்கும் குறுக்குமாகச் செல்லும் கம்பிகளின் சந்திப்பில் வைத்திருப்பார்கள். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை ஒருசேர அழுத்தினால், மின்சாரம் சுற்றுவழியாகப் பாய்ந்து, அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதுபோல் தோன்றும். இந்தப் பொய்த்தோற்றத்துக்கு அஞ்சி மலிவான கீபோர்டுகள் மூன்றாவது விசையையே ஏற்காமல் விட்டுவிடுகின்றன. ஓடிக்கொண்டே குனிந்து திரும்புகிறவருக்கு அது அந்த நேரத்தில் கை கொடுக்காது. மெக்கானிக்கல் கீபோர்டுகளில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்து மின்சாரத்தை ஒரே திசையில் செல்ல விடுவதால் இக்குறை நீங்குகிறது. ஹெட்செட்டில் 7.1 என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ஒலி இரண்டு காதுகளையும் வந்தடையும் நேர வித்தியாசத்தையும் வலிமை வித்தியாசத்தையும் கொண்டே மனிதன் திசையை உணர்கிறான் என்று ராலே பிரபு 1907இல் விளக்கினார். அந்த நேர வித்தியாசம் மிகுந்தபட்சம் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் இரண்டு பங்குதான். காது இரண்டே ஆகையால், தரமான இரண்டு ஒலிபெருக்கிகளே போதும்; மற்றதை விளையாட்டின் மென்பொருளே கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

இவ்வளவையும் ஒருவாறு தொகுத்துச் சொன்னால், முதலில் திரை. அந்தத் திரையின் பிக்சல் கணக்குக்கு ஈடான கார்டு. அந்தத் திரையின் வேகத்துக்கு ஈடான பிராசசர். பிறகு இரண்டு கம்பு ரேம், எஸ்எஸ்டி. இவற்றின் வாட்டைக் கூட்டிய பின் எஸ்எம்பிஎஸ். நம் ஊர்க் கோடையை மனத்தில் வைத்துக் கூலரும் கேபினெட்டும் என்ற வரிசை கிடைக்கிறது. மதர்போர்டு இவற்றைத் தாங்கும் தளமாகையால், பிராசசரின் சாக்கெட்டுக்குப் பொருந்துகிறதா, வேண்டிய துளைகள் உள்ளனவா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும்.

ஏற்கனவே கணினி வைத்திருந்து, அதில் எதை மாற்றுவது என்று தெரியாமல் தவிப்பவருக்குச் செலவில்லாத பரீட்சை ஒன்று உண்டு. வழக்கமாக ஆடும் ஆட்டத்தை ஓடவிட்டுப் பிம்ப வேகத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு ஆட்டத்தின் ரெசொல்யூஷனை ஒரு படி கீழே இறக்கி, அதே இடத்தில் மீண்டும் குறித்துக்கொள்ள வேண்டும். வேகம் நன்றாக ஏறினால், இதுவரை தாமதித்தது கிராபிக்ஸ் கார்டு; பிக்சல் குறைந்தும் வேகம் அசையாமல் நின்றால், தாமதித்தது பிராசசர் அல்லது ரேம். ஐந்து நிமிஷத்தில் முடியும் இந்தப் பரீட்சையைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர், பிராசசர் குறைபட்ட யந்திரத்துக்குப் புதிய கார்டை வாங்கிவந்து பூட்டி, பழைய வேகத்தையே புதிய விலைக்குப் பெறுவார். பரீட்சை செய்து பார்த்தபின், தம் மானிட்டர் காட்டக்கூடிய வேகத்தை யந்திரம் முன்பே எட்டிவிட்டது என்று தெரியவந்தால், அவர் வாங்க வேண்டிய பாகம் எதுவுமே இல்லை.